நகராத கப்பல்கள்: விளக்குக் கப்பலின் வடிவமைப்பும் வரலாறும்

கலங்கரை விளக்கம் மாலுமிக்குத் தரும் செய்தியில் இரண்டு கூறுகள் உண்டு: ஒளி ஒன்று, அந்த ஒளி எரியும் இடம் மற்றொன்று. இருளில் வரும் கப்பலுக்கு எங்கோ ஒரு வெளிச்சம் தெரிவதால் மட்டும் பயன் விளைவதில்லை. அது எந்த விளக்கு, கடல் வரைபடத்தில் எந்தப் புள்ளியில் எரிகிறது என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் கப்பல் தலைவர் தம் கலம் இருக்கும் இடத்தைக் கணித்து, திட்டுகளை விலக்கிப் பாதை வகுக்க முடியும். பாறையின் மீது எழுப்பிய கோபுரத்தில் இடம் குறித்த ஐயத்துக்கு வழியில்லை. ஆனால் வடகடலின் தென்பகுதி, டோவர் நீரிணை, அமெரிக்காவின் கிழக்குக் கரை போன்ற பகுதிகளில் கப்பல்களை மிகுதியாக விழுங்கியவை கரையிலிருந்து பல மைல் தள்ளி நீருக்கடியில் கிடந்த மணல்திட்டுகளே. அன்றைய பொறியியலால் அவற்றின் மேல் கோபுரம் கட்ட இயலவில்லை. அத்தகைய இடங்களில் ஒரு கப்பலையே நங்கூரமிட்டு நிறுத்தி, அதன் பாய்மரத்தில் விளக்கேற்றி, ஆண்டு முழுவதும் காவலிருக்கச் செய்யும் முறை 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவாகி, பின்னர் கடல் வணிகம் செழித்த நாடுகள் பலவற்றிலும் பரவியது.

இவ்வாறு நிறுத்தப்பட்ட கலமே விளக்குக் கப்பல். ஓடுவதற்கென்றே உருவான ஒன்றை ஓடாமல் நிறுத்தி வைப்பதும், மற்றக் கப்பல்கள் புகலிடம் தேடி ஒதுங்கும் புயலிலும் அது தன் இடத்தை விட்டு அசையாதிருப்பதும் அதன் கடமைகள். விளக்குக் கப்பலின் நங்கூரம், உடலமைப்பு, விளக்கு, ஒலிக்கருவி, ஆளமைப்பு ஆகிய அனைத்தும் இந்தக் கடமையை ஒட்டியே வளர்ந்தன. அதற்கு நேர்ந்த பேரழிவுகளும் இறுதியில் அது வழக்கொழிந்ததும் இதே கடமையின் விளைவுகளே.

தேம்ஸ் கழிமுகத்தில் தொடக்கம்

லண்டன் நகரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் அடுப்புகளுக்கு வேண்டிய நிலக்கரியை நியூகாசில் பகுதியிலிருந்து கடல்வழியே பெற்றுவந்தது. அந்தச் சரக்குக் கப்பல்கள் தேம்ஸ் ஆற்றுக்குள் நுழையுமுன் கழிமுகத்திலுள்ள நோர் என்னும் மணல்திட்டைக் கடக்க வேண்டியிருந்தது. கிங்ஸ் லின் ஊரைச் சேர்ந்த ராபர்ட் ஹாம்ப்ளின் என்பவர், கரையோர விளக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும்படி அமைக்கும் திட்டத்துக்கு 1730இல் அரச உரிமம் பெற்றார். டேவிட் அவெரி என்னும் முதலீட்டாளருடன் சேர்ந்து, அதை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நோர் திட்டின் அருகே ஒரு சிறு கப்பலை நிறுத்தினார். அதன் பாய்மரத்தில் குறுக்காகக் கட்டிய கட்டையில் இரு கப்பல் லாந்தர்கள் இடைவெளி விட்டுத் தொங்கவிடப்பட்டன. கரையில் எரியும் ஒற்றை விளக்குகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டியது அந்த இரட்டை ஒளியே.

இம்முயற்சியை எதிர்த்தது, 1514இல் அரச சாசனம் பெற்று இங்கிலாந்தின் கடல்வழி அடையாளங்களுக்குப் பொறுப்பேற்றிருந்த டிரினிட்டி ஹவுஸ் நிறுவனம். விளக்குகளைப் பராமரிக்கும் செலவு, கடந்து செல்லும் கப்பல்களிடம் எடை அளவில் வாங்கும் விளக்குக் கட்டணத்தால் ஈடுசெய்யப்பட்டுவந்த காலம் அது. தனிமனிதர் ஒருவர் கடலில் ஒரு விளக்கை நிறுத்திக் கட்டணம் வாங்கத் தொடங்கினால் நிறுவனத்தின் அதிகாரமே கேள்விக்குள்ளாகும் என்பதால் அது அரசிடம் முறையிட்டு, ஹாம்ப்ளினின் உரிமத்தை 1732இல் நீக்கச் செய்தது. ஆயினும் விளக்கின் பயனை நிலக்கரிக் கப்பல்காரர்கள் கண்டுகொண்டிருந்தமையால் அதை அகற்ற முடியவில்லை. டிரினிட்டி ஹவுஸ் நிலையான உரிமத்தைத் தன் பெயரில் பெற்றுக்கொண்டு, ஆண்டுக்கு 100 பவுன் குத்தகைக்கு 61 ஆண்டுகள் நடத்தும் உரிமையை அவெரிக்கே அளித்தது.

நார்ஃபோக் கரைக்கு அப்பாலுள்ள டட்ஜன் திட்டில் 1736இல் இரண்டாவது கப்பல் நிறுத்தப்பட்டது. பின்னர் நெடுங்கால இடைவெளிக்குப் பிறகு 1788இல் ஓவர்ஸ், 1790இல் நியூவார்ப், 1795இல் குட்வின் மணல்திட்டின் வடமுனை என்று வரிசை நீண்டது. கென்ட் கரைக்கு எதிரே ஏறத்தாழ 10 மைல் நீளம் கிடக்கும் குட்வின் திட்டு, ஓதம் இறங்கும்போது மனிதர் நடக்கும் அளவுக்கு இறுகியும், ஓதம் ஏறும்போது இளகிக் கப்பலை உள்வாங்கும் இயல்போடும் இருந்தது. அதன்மேல் நிலையான விளக்கு அமைக்க 19ஆம் நூற்றாண்டில் மேற்கொண்ட முயற்சிகள் பலிக்காமற்போனதால், திட்டைச் சுற்றிப் பல விளக்குக் கப்பல்களை நிறுத்துவதே தீர்வாயிற்று. அமெரிக்காவில் முதல் விளக்குக் கப்பல் 1820இல் வர்ஜீனியாவின் செசபீக் விரிகுடாவில் நிறுத்தப்பட்டது. அங்கு மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களில் 179 கப்பல்கள் வெவ்வேறு காலங்களில் பணியாற்றியதாகக் கணக்கிட்டுள்ளனர்.

நங்கூரமும் சங்கிலியும்

தொடக்ககால விளக்குக் கப்பல்கள் பழைய சரக்குக் கலங்களைத் திருத்தியமைத்தவை. அவற்றைச் சணல் வடத்தில் கட்டிய சாதாரண நங்கூரமே பிடித்து நிறுத்தியது. இதில் இரு குறைகள் இருந்தன. வடம் அடித்தரையில் உராய்ந்து தேய்ந்து அறுந்தது. மேலும், ஓதத்தின் திசை ஒருநாளில் நான்கு முறை மாறுவதால் கப்பலும் தன் நங்கூரத்தைச் சுற்றிச் சுழன்றுகொண்டே இருந்தது. அப்போது மண்ணுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத்தின் மற்றொரு கொக்கியில் வடம் சிக்கி, நங்கூரத்தைப் பெயர்த்தெடுத்துவிடும். சில நாள் தங்கிச் செல்லும் வணிகக் கப்பலுக்கு இது எப்போதாவது நேரும் தொல்லை; ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கும் கப்பலுக்கோ இதுவே முதன்மையான அபாயம்.

இதற்கான விடை ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. பெல் ராக் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டும் பணியில் இருந்த பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன், கட்டுமானம் முடியும்வரை அப்பகுதியில் எச்சரிக்கை ஒளி காட்டுவதற்காக 82 டன் மீன்பிடிக் கலம் ஒன்றை மாற்றியமைத்து, ஃபாரோஸ் என்று பெயரிட்டு 1807இல் நிறுத்தினார். அதற்கு அவர் பயன்படுத்திய ஒன்றரை டன் நங்கூரம் கவிழ்த்த காளானின் வடிவில் அமைந்திருந்தது. காளான் நங்கூரம் என்று பெயர்பெற்ற இது, தண்டும் அதன் அடியில் விரிந்த கிண்ணமும் கொண்டது. மணலில் படிந்ததும் கிண்ணத்தின் விளிம்பு மெல்ல மெல்லப் புதைந்து, மேலே மணல் நிரம்பி, இழுவை எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரே அளவு பிடிப்பைத் தந்தது. வடம் சிக்குவதற்கு வெளியே துருத்தும் கொக்கி எதுவும் அதில் இல்லை. காலம் செல்லச் செல்ல ஆழப் புதையும் இந்த நங்கூரத்தை எடுப்பது கடினம் என்பது வணிகக் கப்பலுக்குக் குறையாகலாம்; விளக்குக் கப்பலுக்கு அதுவே தகுதி.

1820களில் இரும்புச் சங்கிலி சணல் வடத்தின் இடத்தைப் பிடித்தபின் இந்த நங்கூரத்தின் பயன் முழுமையடைந்தது. நீரின் ஆழம் ஓர் அடி என்றால் சங்கிலி ஆறடி என்பது பொதுவான கணக்கு. இவ்வளவு நீளம் தேவைப்பட்டதன் காரணம் எளியது: கனத்த சங்கிலி நீருக்குள் தொய்ந்து வளைந்து கிடக்கும்போது, பேரலை கப்பலைத் தூக்கினால் முதலில் அந்தத் தொய்வே நிமிரும், அலையின் அதிர்ச்சி சங்கிலியைத் தூக்குவதிலேயே செலவாகிவிட, நங்கூரத்தின்மீது மேல்நோக்கிய இழுப்பு விழுவதில்லை. புயல் வலுக்கும்போது மேலும் சங்கிலியை வெளிவிட்டுத் தொய்வைக் கூட்டுவது காவல் மாலுமியின் பொறுப்பாக இருந்தது.

இவ்வளவு செய்தும் சங்கிலி அறுந்து கப்பல் இடம்பெயர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் விதிகள் வகுத்திருந்தன. தவறான இடத்தில் எரியும் விளக்கு, விளக்கே இல்லாமையைவிடக் கொடியது. இல்லாத திட்டைக் காட்டி, இருக்கும் திட்டை மறைத்துவிடும். ஆதலால் இடம்பெயர்ந்த கப்பல் தன் முதன்மை விளக்கை உடனே அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் சிவப்பு விளக்குகளை ஏற்றி, பகலாயின் தன் அடையாளக் கூம்பையோ கோளத்தையோ இறக்கி, தான் நிலைதவறியதை அறிவிக்க வேண்டும்.

உடலமைப்பு

ஓடும் கப்பலின் உடல் நீரைக் கிழித்து முன்னேறும்படி வடிக்கப்படுகிறது. விளக்குக் கப்பலுக்கு அது தேவையில்லை; எதிர்வரும் அலையின்மீது எளிதாக ஏறியிறங்குவதும், பக்கவாட்டில் குறைவாக ஆடுவதுமே அதற்கு வேண்டிய குணங்கள். காற்று ஒரு திசையிலும் ஓதம் எதிர்த்திசையிலும் இருக்கும் வேளைகளில் கப்பல் அலைகளுக்குக் குறுக்காகத் திரும்பி நின்று கடுமையாக உருண்டது. இதைக் குறைக்க, உடலின் இருபுறமும் நீர்மட்டத்துக்குக் கீழே நீளவாக்கில் பக்கத் தகடுகள் பொருத்தப்பட்டன. பின்பாய்மரத்தில் ஒரு சிறு பாயை விரித்து, கப்பலின் முகப்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைப்பதும் வழக்கமாயிற்று. நங்கூரச் சங்கிலி வெளிவரும் துளையைக் கப்பலின் முகப்பில் இயன்ற அளவு தாழ்வாக அமைத்ததால் சங்கிலியின் இழுப்பு முகப்பை அலைக்குள் அமுக்குவது குறைந்தது. கருவாலி மரத்தில் தொடங்கிய உடற்கட்டுமானம் பின்னர் இரும்புக்கும் எஃகுக்கும் மாறியது.

எந்திரம் பொருத்துவதில் பிரிட்டனும் அமெரிக்காவும் வெவ்வேறு வழியில் சென்றன. டிரினிட்டி ஹவுஸ் தன் விளக்குக் கப்பல்களுக்கு உந்து எந்திரம் எதையும் பொருத்தவில்லை. அவை இழுவைக் கப்பலால் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பழுதுபார்க்க மீண்டும் இழுத்துவரப்பட்டன. அமெரிக்காவில் 1891இல் மிச்சிகன் ஏரிக்கெனக் கட்டிய மூன்று கப்பல்களில் நீராவி எந்திரம் முதன்முதலாக இடம்பெற்றது. பயணம் செய்வதைவிட, புயலில் நங்கூரத்தை நோக்கி மெல்ல முன்னே உந்திச் சங்கிலியின் சுமையைக் குறைப்பதே அதன் சிறப்பான பயன்.

எந்திரம் இல்லாமையின் விலை என்ன என்பதைக் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் நின்ற 50ஆம் எண் கப்பலின் வரலாறு காட்டுகிறது. பசிபிக் கரையின் முதல் அமெரிக்க விளக்குக் கப்பலான அது 1892இல் பணியில் சேர்ந்தது. 1899 நவம்பர் புயலில் சங்கிலி அறுந்து, தன்னைக் காத்துக்கொள்ள வழியின்றிக் கேப் டிஸப்பாயிண்ட்மென்ட் அருகே கரையில் ஒதுங்கியது. அதைக் கடலை நோக்கி இழுக்கும் முயற்சிகள் ஓராண்டுக்கும் மேலாகத் தோற்றன. இறுதியில், வீடுகளைப் பெயர்த்து நகர்த்தும் தொழில் செய்துவந்த போர்ட்லண்ட் ஒப்பந்தக்காரர்களிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் கப்பலைத் தூக்கி நிறுத்தி, காட்டினூடே பாதை வெட்டி, தரைவழியாகவே மறுபுறத்திலுள்ள பேக்கர் விரிகுடாவரை நகர்த்தி, 1901இல் மீண்டும் நீரில் இறக்கினர்.

ஒளியும் அடையாளமும்

ஒரே கடற்பகுதியில் பல விளக்குகள் வந்தபின், ஒவ்வொன்றையும் மற்றதிலிருந்து பிரித்தறிய வேண்டிய தேவை எழுந்தது. முதலில் இதற்குக் கையாண்ட வழி விளக்குகளின் எண்ணிக்கை: ஒரு நிலையத்தில் ஒற்றை விளக்கு, மற்றொன்றில் இரண்டு, குட்வின் வடமுனையில் முக்கோணமாக மூன்று. குறுக்குக்கட்டையில் தொங்கும் லாந்தர் காற்றில் ஊசலாடி, பாய்மரத்தின் பின்னால் மறையும் குறையை ஸ்டீவன்சன் தம் ஃபாரோஸ் கலத்திலேயே நீக்கினார். அவர் அமைத்த லாந்தர் பாய்மரத்தைச் சுற்றி வளையமாகப் பொருந்தி, எல்லாத் திசையிலும் ஒளி காட்டியது. திரி வெட்டவும் எண்ணெய் ஊற்றவும் அதைத் தளம்வரை இறக்கி, மீண்டும் மேலேற்ற முடிந்தது. 1837இல் ஸ்வின் மிடில் கப்பலில் முதன்முதலாகச் சுழல்விளக்கு பொருத்தப்பட்டது. அதன்பின் ஒளி மின்னும் கால இடைவெளியே நிலையத்தின் அடையாளமாக மாறியது.

கப்பல் உருளும்போது அதன்மேலுள்ள விளக்கின் ஒளிக்கற்றை ஒருமுறை வானத்தையும் மறுமுறை அருகிலுள்ள நீரையும் நோக்கும். ஆதலால் விளக்கும் எதிரொளிப்பான்களும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் வளையங்களில் தொங்கவிடப்பட்டு, கப்பல் சாய்ந்தாலும் அவை நேராக நிற்கும்படி செய்யப்பட்டன. பகலில் அடையாளம் தந்தவை பாய்மரத்தின் உச்சியில் இருந்த பெரிய கோளங்களும் கூம்புகளும், சிவப்பு வண்ணம் பூசிய உடலின் பக்கங்களில் வெள்ளை நிறத்தில் எழுதிய நிலையத்தின் பெயருமே. எழுத்துகள் ஆள் உயரத்தைத் தாண்டும் அளவுக்குப் பெரியவை. அந்தப் பெயரும் கப்பலுக்குச் சொந்தமில்லை. பழுதுபார்க்கச் செல்லும் கப்பலின் இடத்துக்கு வரும் மாற்றுக் கப்பல் அதே நிலையத்தின் பெயரைத் தாங்கும். கப்பலுக்கென இருந்தது பதிவேட்டு எண் மட்டுமே. கப்பல் மாறலாம், இடம் மாறக்கூடாது என்ற கொள்கையின் நேரடி வெளிப்பாடு இது.

ஒலியும் வானொலியும்

மூடுபனியில் ஒளி பயனற்றுப்போகும். அப்போது மணி, பெருந்தாளம், பீரங்கி, பின்னர் நீராவி ஊதல், சைரன் ஆகியவை பயன்பட்டன. ஆனால் காற்றில் செல்லும் ஒலி வெப்பநிலை வேறுபாட்டால் வளைந்து, அருகிலுள்ள கப்பலுக்குக் கேட்காமலும் தொலைவிலுள்ள கப்பலுக்குக் கேட்டும் மாலுமியை ஏமாற்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனில் உருவான சப்மரீன் சிக்னல் நிறுவனம் இதற்கு மாற்றாக நீருக்கடியில் ஒலிக்கும் மணியைக் கொண்டுவந்தது. நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். காற்றில் உள்ளதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். விளக்குக் கப்பலின் அடியில் தொங்கவிட்ட மணியை அழுத்தக் காற்று ஒழுங்கான இடைவெளியில் அடிக்க, வரும் கப்பலின் உடலில் இடப்புறமும் வலப்புறமும் பொருத்திய ஒலிவாங்கிகள் அதைக் கேட்டன. அதிகாரி தொலைபேசிக் குழலைக் காதில் வைத்து இரண்டையும் மாறிமாறிக் கேட்டு, இரண்டிலும் ஒலி சமமாகும்வரை கப்பலைத் திருப்பினால், மணி நேர்முன்னே இருப்பது தெளிவாகும்.

கம்பியில்லாத் தந்தியின் வரலாற்றிலும் விளக்குக் கப்பலுக்கு இடம் உண்டு. 1898 டிசம்பரில் மார்க்கோனியின் கருவி கிழக்கு குட்வின் கப்பலில் பொருத்தப்பட்டு, சுமார் 12 மைல் தொலைவிலுள்ள சவுத் ஃபோர்லண்ட் கலங்கரை விளக்கத்துடன் இணைக்கப்பட்டது. 1899 மார்ச்சில் எல்பே என்னும் வணிகக் கப்பல் குட்வின் திட்டில் தட்டியபோது, அதற்காக இங்கிருந்து அனுப்பிய செய்தியே கடலிலிருந்து கம்பியில்லாமல் சென்ற முதல் ஆபத்துச் செய்தியாகக் கருதப்படுகிறது; ராம்ஸ்கேட் உயிர்காப்புப் படகு அதைக் கேட்டுப் புறப்பட்டது. அடுத்த மாதமே ஆர். எஃப். மாத்யூஸ் என்னும் கப்பல் கிழக்கு குட்வின் கப்பலின் மீதே மோத, அது தனக்காகவே உதவி கேட்க வேண்டியதாயிற்று.

நியூயார்க் துறைமுக வாயிலில் நின்ற ஆம்ப்ரோஸ் கப்பல், அமெரிக்காவில் 1921இல் செயல்படத் தொடங்கிய முதல் மூன்று வானொலி வழிகாட்டிகளுள் ஒன்றாயிற்று. வானொலி வழிகாட்டி என்பது குறிப்பிட்ட சமிக்ஞையை எல்லாத் திசையிலும் இடைவிடாது பரப்பும் கருவி. வரும் கப்பல் திசைகாணும் அலைவாங்கியால் அது வரும் திசையை அறிந்துகொள்ளும். வானொலியையும் ஊதலையும் ஒரே கணத்தில் ஒலிக்கச் செய்தபோது தொலைவும் தெரிந்தது. வானொலி அலை உடனடியாக வந்துசேர, ஒலி ஒரு கடல் மைலைக் கடக்க ஏறத்தாழ ஐந்தரை விநாடி எடுத்துக்கொள்வதால், இரண்டுக்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணி ஐந்தரையால் வகுத்தாலே போதும்.

ஆட்களின் வாழ்க்கை

இந்த அமைப்பு முழுவதும் மனித உழைப்பின்மேல் நின்றது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஒரு விளக்குக் கப்பலுக்குப் பதினொருவர் நியமிக்கப்பட்டு, அவர்களுள் எழுவர் எப்போதும் கப்பலில் இருக்க, எஞ்சியோர் முறைவைத்துக் கரைக்குத் திரும்பினர். விளக்கைத் துடைப்பது, திரி வெட்டுவது, சங்கிலியைக் கவனிப்பது, கரையடையாளங்களின் திசையை அளந்து கப்பல் இடம்பெயரவில்லை என்று உறுதிசெய்வது ஆகியவை அன்றாடப் பணிகள். இவற்றுக்கு அப்பால் எஞ்சிய நேரம் மிக நீண்டது. 1854இல் நிலையம் அமைந்த நான்டக்கெட் சவுத் ஷோல் கப்பலின் மாலுமிகள் அந்த நேரத்தில் கூடை முடைந்தனர். மர அச்சின்மேல் மரத்தட்டு அடியைப் பொருத்தி, மர வரிச்சுகளை நிறுத்தி, கீழை நாடுகளிலிருந்து வந்த பிரம்பைச் சுற்றிப் பின்னி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுகளில் வரிசையாகச் செய்து கரைக்குத் திரும்பும்போது விற்றனர். நான்டக்கெட் தீவின் கைவினைப் பொருளாக இந்தக் கூடை இன்றும் விலைபோகிறது.

ஆபத்து வந்தபோது தப்பிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. 1913 நவம்பரில் ஈரி ஏரிப் புயலில் 82ஆம் எண் கப்பல் ஆறு பேருடன் மூழ்கியது. 1918 பிப்ரவரியில் கிராஸ் ரிப் நிலையத்தின் 6ஆம் எண் கப்பலைப் பனிக்கட்டி நிலையத்திலிருந்து பெயர்த்துச் சென்றது. ஆறு பேரும் மீளவில்லை. 1936 அக்டோபரில் ஜெர்மனியின் எல்பே 1 கப்பல் 15 பேருடன் கவிழ்ந்தது. 1944 செப்டம்பர் சூறாவளியில் வைன்யார்ட் கப்பலின் 12 பேர் இறந்தனர். 1954 நவம்பர் 27 அன்று தெற்கு குட்வின் கப்பல் சங்கிலி அறுந்து, எந்தத் திட்டை எச்சரிக்க நின்றதோ அதே திட்டில் பக்கவாட்டில் சாய்ந்தது. மாலுமிகள் எழுவரும் மாண்டனர். விளக்கொளியை நாடி வரும் வலசைப் பறவைகளை ஆராயத் தங்கியிருந்த ஒருவரை மட்டும் ஹெலிகாப்டர் மீட்டது.

வழிகாட்டியே இலக்கானபோது

போர்க்காலத்தில் விளக்குக் கப்பல்கள் இரு தரப்புக்கும் பொதுவான உதவி என்ற நம்பிக்கை இரு உலகப்போர்களிலும் குலைந்தது. வட கரோலினாவுக்கு அப்பால் நின்ற டயமண்ட் ஷோல் கப்பல், நீர்மூழ்கியின் நடமாட்டத்தை வானொலியில் அறிவித்ததைத் தொடர்ந்து 1918 ஆகஸ்ட் 6 அன்று ஜெர்மானிய யூ-140 நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. ஆட்கள் படகேறித் தப்ப இடமளிக்கப்பட்டது. 1940 ஜனவரியில் கிழக்கு டட்ஜன் கப்பலை ஜெர்மானிய விமானங்கள் தாக்கியபோது படகில் ஏறிய எண்மருள் ஒருவரே உயிர்பிழைத்தார்.

ஆயினும் இந்த அமைப்பின் உள்முரணை அம்பலப்படுத்தியது போர் அன்று, 1934 மே 15இல் நடந்த ஒரு மோதலே. ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் செல்லும் கப்பல்கள் நான்டக்கெட் விளக்குக் கப்பலின் வானொலி வழிகாட்டியை நேராக நோக்கி ஓட்டிவந்து, அருகில் நெருங்கியதும் விலகுவது வழக்கம். அவ்வாண்டு ஜனவரியிலேயே வாஷிங்டன் என்னும் பயணிக் கப்பல் அதை உரசிச் சென்றிருந்தது. மே மாத மூடுபனியில், 46,000 டன்னுக்கும் மேற்பட்ட ஒலிம்பிக் என்னும் பெருங்கப்பல் அதே அலையைப் பிடித்து வந்து, 117ஆம் எண் கொண்ட அந்தக் கப்பலை நடுவே பிளந்தது. பதினொருவருள் எழுவர் இறந்தனர். வழிகாட்டி துல்லியமானதாலேயே மோதல் நிகழ்ந்தது: கருவியில் பிழையிருந்தால் ஒலிம்பிக் சற்றுத் தள்ளியே சென்றிருக்கும். பிரிட்டன் அளித்த இழப்பீட்டில் 1936இல் கட்டிய 112ஆம் எண் கப்பல் ஏறத்தாழ 149 அடி நீளமும் இரட்டை உடலும் நீர்புகாத அறைகள் பலவும் கொண்டது. வழிகாட்டும் கப்பலைத் தாக்குதலுக்கு ஆளாகக்கூடிய இலக்காகவே கருதி வடிவமைத்த மாற்றம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில்

வங்காள விரிகுடாவில் ஹூக்ளி ஆற்றின் வாயிலில் சாண்ட்ஹெட்ஸ் எனப்படும் ஆழமற்ற மணற்பரப்பு விளக்குக் கப்பலுக்கே உரிய நிலமாக இருந்தது. கல்கத்தா செல்லும் கப்பல்களுக்கு அங்கு ஈஸ்டர்ன் சேனல் உள்ளிட்ட நிலையங்களில் நின்ற விளக்குக் கப்பல்களே முதல் அடையாளம். ஆற்றுவழி காட்டும் வங்காள பைலட் சேவையினர் கப்பலேறியதும் அப்பகுதியிலேயே. பர்மாவின் கிருஷ்ணா திட்டில் 1869இல் எழுப்பிய இரும்புத் தூண் கலங்கரை விளக்கம் 1877இல் கடலில் மறைந்தபின், அங்கு விளக்குக் கப்பல் நிறுத்தப்பட்டது. தரையை நம்ப முடியாத இடத்தில் மிதக்கும் விளக்கே மேல் என்பதற்கு இது தக்க சான்று. இந்தியாவில் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த துறையின் பெயரிலும் கலங்கரை விளக்கங்களுடன் விளக்குக் கப்பல்கள் இணைந்தே நின்றன. அச்சட்டத்தின் இடத்தை 2021இல் புதிய சட்டம் பிடித்தது.

மறைவும் மதிப்பீடும்

விளக்குக் கப்பலின் மறைவுக்கு முதற்காரணம் செலவு. ஒரு விளக்கை எரிய வைக்க ஒரு கப்பலும் அதற்கு மாற்றுக் கப்பலும் பல மாலுமிகளும் தேவைப்பட்டனர். ஆளில்லா விளக்குக் கப்பலை ஸ்காட்லாந்தின் ஸ்டீவன்சன் குடும்பப் பொறியாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சோதித்திருந்தாலும், பெரும் மாற்றம் எண்ணெய்த் துரப்பணத் தொழில் வளர்ந்தபின் வந்தது. ஆழ்மணலில் எஃகுக் குழாய்களை அறைந்து மேடை அமைக்கும் நுட்பம் கைவந்ததால், அமெரிக்காவில் 1961இல் பஸர்ட்ஸ் பே, 1967இல் ஆம்ப்ரோஸ் ஆகிய நிலையங்களில் கோபுரங்கள் கப்பல்களின் இடத்தைப் பிடித்தன. இங்கிலாந்தில் 1875 முதல் கப்பல் நின்ற ராயல் சாவரின் திட்டில் 1971இல் கான்கிரீட் கோபுரம் எழுந்தது. வேறு இடங்களில் 12 மீட்டர் அளவு விட்டமுள்ள பெருமிதவைகள் வந்தன. நான்டக்கெட் நிலையத்தில் 1983 டிசம்பரில் மிதவை நிறுத்தப்பட்டது. 1985 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் கடைசி விளக்குக் கப்பல் பணியிலிருந்து விலக்கப்பட்டது.

கோபுரங்களும் என்றென்றைக்குமான தீர்வாக அமையவில்லை. ஆம்ப்ரோஸ் கோபுரத்தை 1996இல் ஓர் எண்ணெய்க் கப்பல் மோதிச் சிதைத்தது. புதிதாகக் கட்டியதை 2007இல் மற்றொன்று மோதியது. 2008இல் அது அகற்றப்பட்டது. ராயல் சாவரின் கோபுரமும் அரை நூற்றாண்டில் தன் ஆயுளை முடித்துக்கொண்டது. டிரினிட்டி ஹவுஸோ 1980களில் தன் விளக்குக் கப்பல்களிலிருந்து ஆட்களை இறக்கி, தானியங்கிகளாக்கி, பின்னர் சூரிய மின்தகடுகளைப் பொருத்தியது. டோவர் நீரிணையிலும் அதன் அண்டையிலும் அவற்றுள் சில இன்றும் நங்கூரமிட்டு நிற்கின்றன. வானிலை அளவீடுகளையும் அனுப்புகின்றன. இயந்திரம் இல்லாத உடல், நீண்ட சங்கிலி, சிவப்பு வண்ணம், நிலையத்தின் பெயர் ஆகிய பழைய கூறுகள் அவற்றில் மாறவில்லை. நீங்கியவர்கள் மனிதர்கள் மட்டுமே.

செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவி இன்று சிறு படகிலும் இருக்கும் நிலையில் இத்தகைய அடையாளங்கள் தேவையா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் செயற்கைக்கோள் சமிக்ஞையை வேண்டுமென்றே தடுப்பதும் பொய்ச் சமிக்ஞை அனுப்பி இடத்தை மாற்றிக் காட்டுவதும் அண்மை ஆண்டுகளில் பால்டிக், கருங்கடல் பகுதிகளில் பலமுறை நிகழ்ந்துள்ளன. இடம்பெயர்ந்த விளக்குக் கப்பலுக்குத் தன் விளக்கை அணைக்கும் விதி இருந்தது. பொய் இடத்தைக் காட்டும் திரைக்கு அத்தகைய விதி இல்லை. ஆதலால் கண்ணால் கண்டு உறுதிசெய்யக்கூடிய, இடம் மாறாத அடையாளங்களை இரண்டாவது சான்றாகக் கடலில் வைத்திருப்பது பழமைப் பற்றினால் செய்யும் செலவாகாது. ஒற்றைக் கருவியை மட்டும் நம்பிக் கப்பலோட்டுவதே செலவு மிகுந்த தவறு.